விமானியைத் திருத்துவது சட்டமா, காப்பீடா?

விமானம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது, நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமந்து செல்லும் பெரிய ஜெட் விமானமாகத்தான் இருக்கும். ஆனால் வேறொரு வகை விமானமும் உண்டு. நான்கு இருக்கைகள், முன்புறம் ஓர் எஞ்சின், அது சுழற்றும் ஒரு புரொபெல்லர், இவ்வளவுதான் அது. அதை ஓட்டுபவர் சம்பளம் வாங்கும் விமானி அல்லர். அவர் ஒரு மருத்துவராகவோ, வணிகராகவோ, விவசாயியாகவோ இருப்பார். விடுமுறை நாளில் குடும்பத்தையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு, கார் ஓட்டுவதைப்போலத் தாமே விமானத்தை ஓட்டிச் செல்வார். இவரைத் தனியார் விமானி என்கிறோம்.

இத்தகைய விமானங்கள் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்கா. விமானக் கம்பெனிகளையும் இராணுவத்தையும் சேராத விமானங்கள் அங்கே சுமார் 2 லட்சம் உள்ளன. அவை ஆண்டுக்கு 2 கோடி மணி நேரத்துக்கு மேல் பறக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றுக்கு ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட விபத்துகள் நேர்கின்றன. அவற்றுள் சுமார் 200 விபத்துகளில் உயிர்ச்சேதம் உண்டாகிறது. அதாவது, 1 லட்சம் மணி நேரப் பறத்தலுக்கு ஏறத்தாழ ஓர் உயிர்ப்பலி விபத்து. பெரிய பயணி விமானங்களோடு ஒப்பிட்டால் இது மிக மிக அதிகம்.

இந்த எண்ணிக்கையைக் குறைப்பது எப்படி? இரண்டு விடைகள் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வருகின்றன. "அரசு கடுமையான விதிகளை இயற்றட்டும்" என்பது ஒன்று. "விதிகள் எதற்கு? கவனமுள்ள விமானிக்குக் குறைந்த பிரிமியம், கவனமற்றவருக்கு அதிகப் பிரிமியம் என்று காப்பீட்டுக் கம்பெனிகள் வாங்கட்டும், எல்லாரும் தாமாகவே திருந்துவார்கள்" என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி? விடை காண்பதற்கு முன், விபத்து எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம்.

மேகத்துக்குள் நடப்பது என்ன?

தனியார் விமானிகளைக் கொல்லும் காரணங்களுள் முக்கியமான ஒன்று, மேகத்துக்குள் புகுந்துவிடுவது. மேகம் வெறும் நீர்த்துளிகளின் கூட்டம்தானே, அதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். ஆபத்து மேகத்தில் இல்லை; நம் காதில் இருக்கிறது.

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பும். திரவம் நிலைமத்தின் காரணமாகச் சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாட்டை வைத்தே "நாம் திரும்புகிறோம்" என்பதை மூளை அறிகிறது. ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், 10 அல்லது 20 வினாடிகளில் திரவமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். வேறுபாடு மறைந்துவிடும். "நாம் திரும்பவில்லை, நேராகப் போகிறோம்" என்று மூளை முடிவு செய்துவிடும்.

புவியீர்ப்பு நம்மை எச்சரிக்காதா? எச்சரிக்காது. விமானம் சரியான அளவு சாய்ந்து திரும்பும்போது, புவியீர்ப்பும் திருப்பத்தால் உணரப்படும் மையவிலக்கு விசையும் சேர்ந்த தொகுவிசை, விமானத்தின் தரையை நோக்கியே செங்குத்தாக இருக்கும். விமானத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தால், அது விமானத் தரைக்கு இணையாகவே நிற்கும். ஒரு பக்கமாகச் சரியாது. 20 டிகிரி சாய்வில் உங்கள் எடை 6 சதவிகிதம் மட்டுமே கூடியதாகத் தோன்றும். அதை யார் உணரப் போகிறார்கள்?

வெளியே அடிவானம் தெரிந்தால் கண் உண்மையைச் சொல்லிவிடும். மேகத்துக்குள் அடிவானம் இல்லை. விமானம் மெல்லச் சாய்கிறது, சாய்ந்ததால் மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது. விமானி வேகத்தைக் குறைக்க எண்ணி விசைத்தண்டைப் பின்னால் இழுக்கிறார். இறக்கை சாய்ந்திருக்கும் நிலையில் இழுத்தால் மூக்கு உயராது. திருப்பம்தான் மேலும் இறுகும். சுழன்று சுழன்று விமானம் கீழே வருகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதனைச் சோதித்து, முடிவுகளை 1954-இல் வெளியிட்டார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய அனுபவம் இல்லாத 20 பேரை அழைத்து, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, அருகில் ஆசிரியரை வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! ஆனால் அதே மனிதர்களுக்குச் சில மணி நேரம் பயிற்சி கொடுத்த பின், வந்த வழியே திரும்பி மேகத்திலிருந்து வெளிவர ஏறக்குறைய எல்லா முறையும் அவர்களால் முடிந்தது.

இந்தச் சோதனை ஓர் உண்மையைக் காட்டுகிறது. மேகத்துக்குள் புகுந்த பின் சட்டப் புத்தகமும் உதவாது; பிரிமியம் கட்டிய ரசீதும் உதவாது. உதவக்கூடியது முன்பே தரையில் இருந்தபோது தேடிக்கொண்ட பயிற்சி ஒன்றுதான். ஆகவே நம் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: விமானியைத் திரும்பத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பும் ஆற்றல் எதற்கு அதிகம்?

சட்டத்தின் வழி

1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. 1958-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, எஃப்.ஏ.ஏ. என்னும் விமானத் துறை நிர்வாகம் உருவாயிற்று. பெரிய விமானம், சிறிய விமானம் எல்லாவற்றுக்கும் அங்கே விதி வகுப்பது இந்த அமைப்பே.

தனியார் விமானி உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுவான விதிப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதில் 3 மணி நேரமாவது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயின்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற பின்னும் 24 மாதங்களுக்கு ஒரு முறை ஆசிரியரோடு அமர்ந்து, தரையில் 1 மணி நேரமும் வானில் 1 மணி நேரமும் மறு ஆய்வுக்கு உட்பட வேண்டும். பயணிகளை ஏற்ற வேண்டுமானால், கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது மேலேறி இறங்கியிருக்க வேண்டும்.

கடைசி விதியைச் சற்றுக் கவனியுங்கள். தனியாகப் பறப்பவருக்கு அந்த விதி இல்லை! தன் உயிரைப் பணயம் வைப்பவரைவிட, பிறர் உயிரைப் பணயம் வைப்பவரையே சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. பின் இருக்கையில் ஏறி அமரும் நண்பருக்கு விமானியின் திறமை தெரியாது. அவர் கட்டிய பிரிமியமும் தெரியாது. அந்த நண்பரின் சார்பில் பேசுவது சட்டம்தான்.

ஆனால் சட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அது எல்லாருக்கும் பொதுவானது. எனவே அது குறைந்தபட்ச அளவை மட்டுமே சொல்ல முடியும். 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் மகன், தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிறு விமானத்தில் மார்த்தாஸ் வினியர்ட் தீவை நோக்கிப் புறப்பட்டார். அவருக்குச் சுமார் 300 மணி நேர அனுபவம் இருந்தது. கருவிகளை மட்டும் கொண்டு ஓட்டுவதற்கான தனித் தகுதியை அவர் இன்னும் பெறவில்லை. இருட்டும் மூடுபனியும் சேர்ந்து, கடலின் மேல் அடிவானம் தெரியாமல் போயிற்று. விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தனர். திசை உணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த இரவில் அவர் புறப்பட்டது சட்டம் அனுமதித்த பயணமே. சட்டப்படி சரியாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்தவில்லையா?

காப்பீட்டின் வழி

காப்பீட்டுக் கம்பெனி எப்படிப் பாதுகாப்பை வளர்க்க முடியும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையே, முறை உண்மையானது.

1,000 பேர் ஆளுக்கு 1 லட்சம் டாலர் மதிப்புள்ள விமானம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 10 விமானங்கள் நொறுங்குகின்றன. மொத்த இழப்பு 10 லட்சம் டாலர். ஆகவே கம்பெனி தன் செலவு நீங்கலாக ஒவ்வொருவரிடமும் 1,000 டாலர் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சி பெறுவோரிடையே 1,000-க்கு 5 விமானங்களே நொறுங்குகின்றன என்று கம்பெனி கண்டறிகிறது. அவர்களுக்கு 500 டாலர் போதும் என்று அறிவிக்கிறது. பயிற்சிக்கு 400 டாலர்தான் செலவு என்றால், யாரும் அதட்டாமலே விமானி பயிற்சிக்கு ஓடுவார். அதிகாரி வேண்டாம், அபராதம் வேண்டாம்.

"உயிர் போகும் என்ற அச்சத்தால் திருந்தாதவர், 500 டாலருக்காகத் திருந்துவாரா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. "நமக்கு நேராது" என்று விபத்தைப் பற்றி ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ளலாம். பிரிமியத்தைப் பற்றி அப்படி எண்ண முடியாது. அது ஆண்டுதோறும் தவறாமல் வீட்டுக் கதவைத் தட்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1865-இல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன் வெடித்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு கொதிகலன் காப்பீட்டுக் கம்பெனி தோன்றியது. இழப்பீடு தருவதோடு அது நிற்கவில்லை. தன் பொறியாளர்களை அனுப்பிக் கொதிகலன்களைச் சோதித்தது. வெடித்த பின் பணம் கொடுப்பதைவிட, வெடிக்காமல் பார்த்துக்கொள்வதே இலாபம் என்பதை அது உணர்ந்திருந்தது.

சிறு விமானங்களிலும் இதுவே நடக்கிறது. மடங்கும் சக்கரங்கள் கொண்ட விமானத்தை முதன்முதலாக ஓட்ட விரும்புபவருக்கு, ஓர் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் போதும் என்கிறது அமெரிக்கச் சட்டம். இத்தனை மணி நேரம் என்று கூறவில்லை. காப்பீட்டுக் கம்பெனியோ, "இதே வகை விமானத்தில் ஆசிரியரோடு 10 மணி நேரம் பறந்து வாருங்கள்; பிறகுதான் பாலிசி" என்று கூறும். வேகமான விமானமானால் ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி கேட்கும். சட்டம் கேட்பதற்கு மேலாக அது கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சிற்றூர் விமானத் தளங்களிலும் அரசு அதிகாரி நின்று காவல் காக்க முடியாது. ஆனால் உரிமமோ மறு ஆய்வோ காலாவதியானால் இழப்பீடு கிடைக்காது என்று பாலிசிகளில் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே அரசு வகுத்த விதியைக் கடைப்பிடிக்கச் செய்யும் காவலராகவும் காப்பீடு விளங்குகிறது.

எண்ணிக்கை குறைந்தால் கணக்கு தடுமாறும்

அப்படியானால் எல்லாவற்றையும் காப்பீட்டுக் கம்பெனியிடமே விட்டுவிடலாமா? இங்கேதான் கணிதம் குறுக்கிடுகிறது.

நம் நாட்டில் மோட்டார் வாகனக் காப்பீட்டில், இழப்பீடு கேட்காமலே ஓராண்டைக் கழித்தவருக்குச் சலுகை உண்டு. தொடர்ந்து ஐந்தாண்டு கழித்தால் அது 50 சதவிகிதம் வரை உயரும். சிறு விபத்துகள் சாலையில் அடிக்கடி நேர்வதால், விபத்தின்றி ஓட்டுவது கவனத்துக்கு ஓரளவு சான்றாகும். விமானத்தில் அப்படி இல்லை. ஒரு தனியார் விமானி ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கிறார் என்று கொள்வோம். 1 லட்சம் மணி நேரத்துக்கு ஓர் உயிர்ப்பலி விபத்து என்றால், சராசரியாக 2,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அவருக்கு அது நேரும்! பத்தாண்டு விபத்தில்லாமல் பறந்தவர் திறமைசாலியா, அதிர்ஷ்டசாலியா? அவரது வரலாற்றை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

தற்செயலாக நேரும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குக் கூடிக் குறையும் என்பது புள்ளியியல் கூறும் விதி. நாடு முழுதும் 200 விபத்துகள் என்றால், ஆண்டுக்காண்டு சுமார் 14 கூடலாம், குறையலாம். அது 7 சதவிகிதமே. ஆனால் ஒரு சிறு கம்பெனியின் பங்குக்கு 9 விபத்துகளே வந்தால், அது 3 கூடலாம், குறையலாம். அதாவது மூன்றில் ஒரு பங்கு! இந்த ஆண்டு விபத்து குறைந்தது பயிற்சியாலா, தற்செயலாலா என்று அக்கம்பெனியால் அறிய இயலாது. ஆகவே பறந்த மணிகள், பெற்ற தகுதிகள், விமானத்தின் வகை போன்ற மேலோட்டமான அடையாளங்களை வைத்தே அது விலை கூற வேண்டியிருக்கிறது.

வேறு குறைகளும் உள்ளன. முன்பு போட்ட கணக்கில் பயிற்சிக்கு 800 டாலர் ஆகும் என்று மாற்றிப் பாருங்கள். 500 டாலர் சலுகைக்காக யாரும் 800 செலவிட மாட்டார். அந்தப் பயிற்சி உயிரைக் காக்கும் என்றாலும், கம்பெனியின் கணக்கில் இடம்பெறுவது அது கொடுக்க வேண்டிய பணம் மட்டுமே. சக்கரத்தை இறக்க மறந்து தரையில் உராய்ந்து நிற்கும் விமானத்தில் யாரும் சாவதில்லை. ஆனால் பழுது பார்க்கப் பெருந்தொகை ஆகும். அத்தகைய விபத்தைத் தடுப்பதில் கம்பெனிக்கு இயல்பாகவே அக்கறை மிகுதி.

பிரிமியம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் வாங்கப்படுகிறது. அது உயர்ந்தால், பெட்ரோலுக்குப் பணம் குறையும். விமானி குறைவாகப் பறப்பார். கை பழக்கம் விட்டுப்போகும். 2019-க்குப் பின் அமெரிக்காவில் பிரிமியம் வெகுவாக உயர்ந்தது. 70 வயதைக் கடந்த விமானிகள் பலருக்குப் பாலிசி கிடைப்பதே கடினமாயிற்று. அவர்களுள் தனிப்பட்ட முறையில் திறமை குறையாதவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. தனியார் விமானத்துக்குக் காப்பீடு கட்டாயம் என்று அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் இல்லை. சில மாநிலங்களில் மட்டுமே உண்டு. பழைய, மலிவான விமானத்தை வைத்திருப்பவர் காப்பீடே எடுக்காமல் பறக்கலாம். அவரிடம் எந்தக் கம்பெனியின் பேச்சும் எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இயற்றிய விதியின் மூலம் தனியார் விமானங்களுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. காப்பீடு என்னும் கருவி வேலை செய்வதற்கே அங்கே சட்டத்தின் துணை வேண்டியிருந்தது!

எம்.யூ.-2 கற்பித்த பாடம்

ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி தயாரித்த எம்.யூ.-2 என்ற இரட்டை எஞ்சின் விமானம் 1963-இல் முதன்முதலாகப் பறந்தது. மிக வேகமானது. பிற விமானங்கள் பக்கவாட்டில் சாய்வதற்கு இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள் இருக்கும். இதில் அவை இல்லை. பதிலாக இறக்கையின் மேற்பரப்பிலிருந்து எழும்பும் தகடுகள் உண்டு. எனவே ஓர் எஞ்சின் நின்றால் இதைக் கையாளும் முறையும் வேறு. ஆனால் சட்டப்படி, இரட்டை எஞ்சின் விமானத்துக்கான பொதுத் தகுதி பெற்றவர் இதையும் ஓட்டலாம் என்றிருந்தது. விபத்துகள் பெருகின.

2005-இல் எஃப்.ஏ.ஏ. இந்த விமானத்தை ஆராய்ந்தது. விமானத்தின் அமைப்பில் தவறில்லை. ஆனால் அதற்கெனத் தனிப் பயிற்சி தேவை என்பது முடிவாயிற்று. அதுவரை எல்லாருக்கும் பொதுவான ஒரே பாடத்திட்டம் இல்லை. 2008-இல் சிறப்பு விதி ஒன்று வந்தது. எம்.யூ.-2 ஓட்டும் ஒவ்வொருவரும் வகுத்துரைக்கப்பட்ட அதே பாடத்தை, அதே வரிசையில், ஆண்டுதோறும் பயில வேண்டும் என்றது அந்த விதி. அதன் பின் அந்த விமானத்தின் உயிர்ப்பலி விபத்துகள் பெரிதும் குறைந்தன. விமானம் மாறவில்லை. விமானிகளின் பயிற்சிதான் மாறியது.

சில நூறு விமானங்களே உள்ள ஒரு வகைக்கு, எந்தக் கம்பெனியிடமும் போதிய கணக்கு சேராது. அங்கே சட்டம் முந்த வேண்டும். ஆயிரக்கணக்கில் உள்ள வகைக்கோ, சட்டம் மெதுவாக நகரும்போது காப்பீட்டுக் கம்பெனி விரைந்து செயல்படலாம்.

ஆகவே, "சட்டமா, காப்பீடா?" என்ற கேள்விக்கு ஒன்றை மட்டும் விடையாகச் சொல்ல முடியாது. யாரும் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சட்டம் தளம் அமைக்கிறது. அதற்கு மேலே ஏறுவோருக்குக் காப்பீடு ஊக்கம் தருகிறது. இரண்டுக்கும் அடிப்படையாக இருப்பது ஒவ்வொரு விபத்தையும் பொறுமையாக ஆராய்ந்து எழுதிவைக்கும் பணி. அமெரிக்காவில் 1967 முதல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைச் செய்து வருகிறது. அதன் அறிக்கைகளை யாரும் படிக்கலாம். அவை இல்லாவிட்டால் சட்டம் இயற்றுபவரும் இருட்டில் தடவுவார். பிரிமியம் கணக்கிடுபவரும் இருட்டில் தடவுவார்.

செய்து பாருங்கள்

வகுப்பில் 40 பேர் இருந்தால், ஒவ்வொருவரும் இரண்டு பகடைகளைச் சேர்த்துப் பத்து முறை உருட்டுங்கள். இரண்டிலும் 6 விழுந்தால் அது ஒரு "விபத்து". சுமார் 30 பேருக்கு விபத்தே நேராது. எட்டு அல்லது ஒன்பது பேருக்கு ஒரு முறை நேரலாம். யாரோ ஒருவருக்கு இரண்டு முறை நேரலாம். அவரை மோசமான விமானி என்று கூறி, அவரிடம் அதிகப் பிரிமியம் வாங்குவீர்களா? எல்லாரும் உருட்டியது ஒரே மாதிரியான பகடைகளைத்தானே! இனி, ஒருவரது பகடையில் மட்டும் கள்ளத்தனமாக ஒரு பக்கம் கனம் ஏற்றியிருந்தால், அதைக் கண்டுபிடிக்க எத்தனை முறை உருட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.